மலைமேல் ஓர் ஏழாம் வகுப்பு



வட தமிழ்நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, போளூருக்கு மேற்கே, ஆலங்காயத்துக்குக் கிழக்கே, செங்கத்துக்கு வடக்கே விரலை ஓட்டுங்கள். அவ்விடத்தில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு அது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்கள் அம்மலையைப் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றன. செய்யாறு பிறக்கும் இடம் அதுவே. மலைக்கு நடுநாயகமாய் ஜமுனாமரத்தூர் என்ற ஊர். அதைச் சுற்றிலும் சிற்றூர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லச் சில இடங்களில் பாதை உண்டு. சில இடங்களில் கால் பழகிய தடம் மட்டுமே உண்டு.

அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள் என்று ஒரு கதையையும் அவர்கள் சொல்வார்கள்.

இம்மக்களின் குழந்தைகளுக்காக அரசு நடத்தும் பள்ளிகள் உண்டு. அவற்றுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் என்று பெயர். தங்குவதும் உண்பதும் படிப்பதும் ஒரே வளாகத்தில். அத்தகைய நடுநிலைப்பள்ளி ஒன்றில் 2009 முதல் 2018இல் ஓய்வு பெறும் வரை தலைமையாசிரியனாக இருந்தேன். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியன் என்றால் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடுபவன் என்று கருத வேண்டா. ஆசிரியர் பற்றாக்குறை எங்கும் உள்ளதே. ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் சமூகவியலும் நானே நடத்தினேன். அந்த ஏழாம் வகுப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு நாளின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். குழந்தைகள் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, யார் முதலில் குளிப்பது என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பிறகு காலை உணவு, வழிபாட்டுக் கூட்டம், வகுப்பு. ஆறும் ஏழும் ஒரே கூடத்தில் அமரும். நடுவே தடுப்பு ஒன்று உண்டு. ஒலியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆறாம் வகுப்பின் ஆங்கிலப் பாட்டு ஏழாம் வகுப்பின் கணக்கில் வந்து கலக்கும். மாலையில் பந்தாட்டம். இரவு உணவுக்குப் பின் விளக்கடியில் படிப்பு. மின்சாரம் இல்லாத இரவுகளில் கதை. இவ்வளவே.

இந்த ஒழுங்கைக் கலைப்பது பருவகாலம். சாமை அறுவடை வந்தால் பத்துப் பேர் காணாமற்போவார்கள். புளி உலுக்கும் காலம் வந்தால் வேறு பத்துப் பேர். தேன் எடுக்கும் காலத்தில் இரண்டு மூன்று பேர். அவர்கள் திரும்பி வரும்போது முகம் வீங்கியிருக்கும், கையில் எனக்கென்று ஒரு சிறு புட்டித் தேன் இருக்கும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. போன பிள்ளை திரும்பி வந்துவிடும். திரும்பி வாராத போக்கு ஒன்று உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றது 1978 முதல் 1980 வரை. அக்காலத்தில் பாடக்குறிப்பு எழுதுவதென்றால் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கிய ஐந்து படிகளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். எந்தப் பாடமானாலும் இந்த ஐந்து படிகளில் ஏறி இறங்க வேண்டும். திருக்குறளும் அப்படியே, தவளையின் உடலமைப்பும் அப்படியே.

முப்பது ஆண்டுகள் கழித்துப் புதிய காற்று வீசியது. 2007–08ஆம் கல்வியாண்டை ஒட்டித் தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வியும் பரவின. படைப்பாற்றல் கல்வியில், மாணவர் தாமே பாடத்தைப் படிப்பர். புதிய சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் தேடுவர். படித்ததை மனவரைபடமாக வரைவர். குழுவாகப் பேசித் தொகுப்பர். வகுப்பின் முன் எழுந்து வழங்குவர். அதற்குப் பின்னரே ஆசிரியர் வலுவூட்டுவார். நல்ல ஏற்பாடு அது. வாய் திறவாத மலைப்பிள்ளைகளை வகுப்பின் முன் நிற்க வைத்த பெருமை அம்முறைக்கு உண்டு. ஆயினும் நல்ல ஏற்பாடு சடங்காக மாறுவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. வட்டம் வரைந்து அதிலிருந்து கால்களை இழுத்தால் மனவரைபடம் ஆகிவிடும் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். ஒருவன் வரைய, மற்றவர் பார்த்து எழுத, ஏடுகள் நிறைந்தன. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஏடுகளைப் புரட்டி, வட்டங்களை எண்ணி, நிறைவுடன் சென்றார். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் படித்ததாக எனக்கு நினைவில்லை.

என் கருத்து இது: படி ஐந்தாயினும் எட்டாயினும், பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று வகுப்பறைக்குள் நுழைய வழியிருக்க வேண்டும். மலைப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சமவெளியிலிருந்து வருவோர் எண்ணுகிறார்கள். கொம்புத்தேன், மலைத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று தேனை நாவில் வைத்தே வேறுபடுத்தும் பிள்ளைக்குத் தேனீ பற்றிய பாடத்தை நாம் நடத்துகிறோம். அவன் வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

ஒரு ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நிழலைப் பற்றிய பாடம். வெளியிலிருந்து வாங்கிய ஒரு பழைய துணைநூலைப் படித்துக்கொண்டிருந்த மாணவி, நம் நாட்டில் நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும் என்று உரக்கப் படித்தாள். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். அவன் அதிகம் பேசுபவன் அல்லன்.

“சார், நம்ம கொடிக்கம்பத்து நிழல் சமையற்கட்டுப் பக்கம் விழுதே?”

சமையற்கட்டு இருந்தது தெற்கே. நாள்தோறும் தட்டை ஏந்தி வரிசையில் நின்ற பையன் அதைக் கண்டு வைத்திருக்கிறான்! உடனே வகுப்பு முழுவதும் வெளியே ஓடியது. வானில் மேகம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் மேகம். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கம்பத்தின் நிழல், குறுகிய ஒரு கோடாக, தெற்கே கிடந்தது.

நூல் பொய்யா, கம்பம் பொய்யா? பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான வழக்கு ஒன்று இருக்க முடியாது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மூங்கிற்கழியை முற்றத்தில் செங்குத்தாக நட்டோம். தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்த்தோம். வாரத்துக்கொரு நாள், நண்பகலில், மிகக் குறுகிய நிழல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று குறித்து வைப்பது ஏற்பாடு. ஆண்டு முழுவதும் அவ்வேடு வளர்ந்தது.

முதற்சிக்கல் நண்பகல் எது என்பதிலேயே எழுந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது நிழல் மிகக் குறுகியதாக இல்லை. அதன் பின்னும் குறுகிக்கொண்டே சென்று, ஏறத்தாழ 12.15க்குத்தான் மிகக் குறுகியது. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். வானொலி நேரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். கடிகாரம் சரியே. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுவது. நம் மலையோ 78¾ பாகையை ஒட்டியுள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். 3¾ பாகைக்குப் பதினைந்து நிமிடம். புவியியல் நூலில் உயிரற்றுக் கிடந்த அந்தத் தீர்க்கக்கோடு, பள்ளி முற்றத்தில் வந்து நின்றது. நவம்பர் மாதத் தொடக்கத்திலோ அவர்களே வேறொன்றைக் கண்டார்கள். மிகக் குறுகிய நிழல் பன்னிரண்டுக்குச் சற்று முன்னரே விழுந்துவிட்டது. பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை வட்டமன்று, அதன் அச்சும் சாய்ந்துள்ளது. இவ்விரண்டாலும் ஞாயிறு ஆண்டில் சில காலம் முந்தியும் சில காலம் பிந்தியும் உச்சிக்கு வருகிறது. இதை ஏழாம் வகுப்புக்கு ஏற்பச் சொல்ல எனக்கே இரண்டு நாள் நூல்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஏட்டில் கண்ட முடிவு இது. ஜூன் 21ஐ ஒட்டி ஒரு மீட்டர்க் கழியின் நண்பகல் நிழல் தெற்கே 19 சென்டிமீட்டர். பிறகு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்து, ஆகஸ்டு 19ஐ ஒட்டி நிழலே இல்லை. அதன் பின் வடக்கே நீண்டு, டிசம்பர் 21ஐ ஒட்டி 73 சென்டிமீட்டர். மீண்டும் குறைந்து, ஏப்ரல் 23ஐ ஒட்டி மறுபடியும் நிழலற்ற நாள். துணைநூல் கூறியது ஆண்டின் ஒரு பகுதிக்குப் பொருந்தும். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரை நம் மலையில் பொருந்தாது. கம்பமும் மெய், நூலும் பாதி மெய்.

இதைக் கேட்கும் மாணவர்கள் தத்தம் ஊரிலும் பார்க்கலாம். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி, மதுரையில் ஏப்ரல் 16ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டி நிழல் மறையும். தெற்கே போகப்போக அந்த நாள் முந்தி வரும். கடகரேகைக்கு வடக்கே உள்ள தில்லி மாணவனுக்கோ இந்தக் காட்சி ஒருநாளும் கிட்டாது. இதைச் சொன்னபோது எங்கள் பிள்ளைகளுக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பது! தில்லியில் இல்லாத ஒன்று தம் முற்றத்தில் உண்டு என்று அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

செப்டம்பர் 23ஆம் நாள், பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில், கழியின் நிழல் வடக்கே 22 சென்டிமீட்டர். கழியையும் நிழலையும் அளவு குறுக்கித் தாளில் வரைந்து, முக்கோணமாக்கி, உச்சிக் கோணத்தைக் கோணமானியால் அளந்தார்கள். சிலருக்கு 12 பாகை, சிலருக்கு 13, பலருக்கு 12½. அந்நாளில் அக்கோணமே ஊரின் அட்சரேகை. எங்கள் அளவு சரியா என்று கேட்டுப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. அதே மலையில், காவலூரில், வானாய்வு நிலையம் இருக்கிறது. அதன் அட்சரேகை 12 பாகை 34 கலை என்று உலக வானியலார் ஏடுகளில் பதிவாகியுள்ளது. மூங்கிற்கழியும் பன்னாட்டுப் பதிவும் ஒத்துப்போயின.

காவலூரைப் பற்றிச் சில சொற்கள். இந்த மலையின் இருளையும் தெளிந்த வானத்தையும் தேர்ந்து, 1960களின் பிற்பகுதியில் அங்கே தொலைநோக்கியை நிறுவ முனைந்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை அக்கருவியால் நோக்கியபோது, கோள் மறைக்கும் முன்னரே விண்மீனின் ஒளி மங்கியது. அதே நிகழ்ச்சியை உலகின் வேறு இடங்களிலிருந்து நோக்கியோரும் ஒளி மங்கக் கண்டார்கள். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அவ்வாறே. பின்னர் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இந்நாட்டிலேயே உருவாகி, 1986இல் பாப்புவின் பெயர் பெற்றது. அதைக் காண அவர் இல்லை. 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் மறைந்தார். அவர் தேர்ந்த மலையில் நிழல் மறையும் நாளை ஒட்டியே அது அமைந்தது தற்செயல் நிகழ்ச்சிதான். ஆயினும் பிள்ளைகள் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

மலைப்பிள்ளைகளுக்குக் காவலூர் என்றால் அதுவரை வெள்ளைக் குமிழ் போன்ற ஒரு கட்டடம், விளக்கைக் குறைக்கச் சொல்லும் ஓரிடம், அவ்வளவே. இப்போதோ, தாங்கள் செய்த வேலையைப் பெரிய கருவி கொண்டு செய்பவர்கள் இருக்கும் இடம் என்று பேசத் தொடங்கினார்கள். சிறு செருக்குத்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணக்கிலும் இவ்வாறே சில செய்தோம். ‘இலட்சம்’ என்ற எண் பிள்ளைகளின் மனத்தில் பிடிபடுவதில்லை. ஒரு படிச் சாமையில் எத்தனை மணி என்று கேட்டேன். “எண்ண முடியுமா சார்?” என்று சிரித்தார்கள். பேனாமூடி ஒன்றில் கொண்ட மணிகளை எண்ணினோம். ஓர் ஆழாக்குக்கு எத்தனை மூடி என்று அளந்தோம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது அவர்கள் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த வாய்பாடு. ஒரு குழுவுக்கு நாலரை இலட்சம் வந்தது. மற்றொன்றுக்கு ஆறு இலட்சத்தை எட்டியது. ஏன் வேறுபாடு? மூடியைத் தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்று பூசல் எழுந்தது. சராசரி என்ற பாடம் அந்தப் பூசலில் பிறந்தது. எண்ணிய சாமையைச் சமையல்கார அம்மையாரிடம் கொடுத்தோம். “இத்தனை கை பட்டதை நான் எத்தனை முறை கழுவுவது?” என்று அவர் கேட்டது நியாயமே.

வரலாறு கற்பிப்பதுதான் கடினம். பல்லவர் என்றால் மாமல்லபுரம்; அது கடற்கரையில் எங்கோ இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்திலேயே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். அவற்றின் கல்வெட்டுகளைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் என்று ஒன்று உண்டு. மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன், மாடுபிடிச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றதாம். வட்டெழுத்தில் நாயின் பெயரையும் பொறித்து வைத்தார்கள் நம் முன்னோர்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் அமைதி. பிறகு ஆளுக்கொரு நாயின் கதை! அவரவர் ஊரில் நினைக்கத்தக்க ஒருவருக்கோ ஓர் உயிருக்கோ நடுகல் வாசகம் எழுதி வருமாறு பணித்தேன். அரசன் ஆண்டு, ஊர், பெயர், செயல் என்ற நான்கும் இருக்க வேண்டும். நாலு வரிக்கு மேல் கூடாது. கல் செலவு அதிகம் என்று சொல்லி வைத்தேன். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளியில் கட்டி இரவில் மலையிறக்கிய நால்வருக்கு ஒருத்தி எழுதியிருந்தாள். கரடியிடமிருந்து ஆட்டை மீட்ட பாட்டிக்கு ஒருவன். அரசன் ஆண்டுக்கு என்ன செய்வதென்று தெரியாத ஒரு பையன், ‘தலைமையாசிரியரின் ஏழாம் ஆட்சியாண்டில்’ என்று தொடங்கியிருந்தான். அந்த வரியை நான் திருத்தவில்லை.

இனி, திரும்பி வாராத போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலையில் விளைவது ஆறு மாதத்துக்குப் போதும். மிச்சக் காலத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். கேரளத்திலும் கருநாடகத்திலும் உள்ள மிளகு, காப்பித் தோட்டங்கள், திருப்பூர், பெங்களூர் என்று குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அவற்றையெல்லாம்விட அதிகக் கூலி தருவதாக ஆசை காட்டி அழைத்துச் செல்வோரும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் மாண்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்கள் அனைவரும் தமிழ்நாட்டார். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தோரே மிகுதி. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்து போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அந்த வாரம் எங்கள் வகுப்பில் யாரும் உரக்கப் பேசவில்லை. பாடம் நடத்தினேன், நடந்ததா என்பது வேறு.

அவ்வாண்டு தீபாவளி கழிந்த சில நாட்களில், கொடிக்கம்பத்து நிழலைக் கண்டு சொன்ன பையனின் தந்தை வந்தார். அப்போது பையன் இரண்டாம் முறையாக ஏழாம் வகுப்பில் இருந்தான். முந்திய ஆண்டு ஊரோடு கூலிக்குப் போய்ப் பாதியில் நின்றவன். மீட்டுக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். வயது பதின்மூன்று.

“வாத்தியாரே, பையனைக் கூட்டிப் போகிறேன். மேஸ்திரி முன்பணம் தருகிறார். மிளகுத் தோட்டம்தான், செம்மரம் இல்லை” என்றார்.

செம்மரம் இல்லை என்பதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2010 ஏப்ரல் முதல் சட்டம் நடைமுறையில் இருப்பதை எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. சட்டம் நல்லதுதான் என்றார். முன்பணத்தில் ஒரு பகுதி செலவாகிவிட்டது. மகளின் மருத்துவச் செலவு. அதற்குச் சட்டம் என்ன செய்யும்?

முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். 20,000 ரூபாய். வட்டி? நூற்றுக்கு மாதம் ஐந்து. கூலியில் மாதம் 1,500 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். தனிவட்டிப் பாடம் வகுப்பில் இன்னும் தொடங்கவில்லை. அன்று தொடங்கினேன். பெயர் சொல்லாமல், ஒருவர் 20,000 ரூபாய் வாங்குகிறார் என்று கரும்பலகையில் எழுதினேன். தந்தை வாயிற்படியில் அமர்ந்திருந்தார்.

மாத வட்டி 1,000 என்று உடனே சொல்லிவிட்டார்கள். 1,500 பிடித்தால் அசலில் கழிவது 500. ஆறு மாதத்தில் கழிவது 3,000. ஆக, 9,000 ரூபாய் கொடுத்த பின்னும் 17,000 கடன் நிற்கும். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி நான் கேளாமலேயே மேலும் போட்டாள். “முழுக்கத் தீர நாற்பது மாதம் ஆகும் சார். கட்டிய தொகை 60,000” என்றாள். பையன் தலை நிமிரவில்லை. அவன் ஏட்டில் அதே விடை இருந்தது.

தந்தை ஏட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது; எண் தெரியும். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பையனையும் அழைத்துச் சென்றார்.

மூன்றாம் நாள் பையன் பையுடன் வந்து நின்றான். அவனுக்குப் பதிலாக அண்ணன் போயிருந்தான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பதினெட்டு வயது அண்ணன். இதை வெற்றி என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தந்தை ஏட்டுத்தாளை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போய் வாதாடியிருக்கிறார். வட்டி நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. மாதம் 3,000 பிடிப்பது என்று பேச்சு. பெரியவன் என்பதால் கூலி கூடுதல்.

அன்று முதல் ஏழாம் வகுப்பில் மற்றோர் ஏடு பிறந்தது. மாதம் ஒருமுறை அண்ணன் தொலைபேசியில் அழைப்பான். பிடித்த தொகையைச் சொல்வான். தம்பி குறித்துக்கொண்டு மீதியைச் சொல்வான். கோபுரம் கிடைக்காத நாட்களில் பையன் பாறைமேல் ஏறி நின்று பேசுவான். அடுத்த மாதத்திலேயே வேறு இரு பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கணக்கையும் கொண்டுவந்தார்கள். தனிவட்டியை அவ்வாண்டு நான் மறுபடி நடத்த வேண்டிய தேவையே எழவில்லை.

வைகாசியில் அண்ணன் திரும்பி வந்தான். எங்கள் ஏட்டின்படி ஆறு மாதத்தில் 14,400 ரூபாய் அசலில் கழிந்து, 5,600 மீதி. மேஸ்திரியின் ஏட்டில் 6,800. வேறுபாடு 1,200. விடுமுறைக் காலம், பள்ளி பூட்டியிருந்தது. பையன் என் வீட்டைத் தேடிப் போளூருக்கு வந்துவிட்டான், இரண்டு ஏட்டின் படியையும் எடுத்துக்கொண்டு. திண்ணையில் அமர்ந்து பார்த்தோம். நான் கண்டுபிடிக்கும் முன் அவனே கண்டுபிடித்தான். முதல் மூன்று மாதங்களுக்கு மேஸ்திரி பழைய ஐந்து வட்டியையே போட்டிருந்தார். மாதத்துக்கு 400 கூடுதல். அந்த மூன்று வரிகளின் அடியில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, சாப்பிட்டுப் போகச் சொல்லியும் நிற்காமல், நாலு மணிப் பேருந்துக்கு ஓடினான். மேஸ்திரி 1,200 ரூபாயை அடித்து எழுதிக் கொடுத்ததை ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, எட்டாம் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டு, எனக்குச் சொன்னான்.